கார்ல் நீல்சன்: இரண்டாம் வயலின் நாற்காலியிலிருந்து ஆறு சிம்பொனிகள் வரை

கேள்வி இதுதான்: டென்மார்க்கின் மிகப் பெரிய இசையமைப்பாளர் என்று சொல்லப்படும் கார்ல் நீல்சன், அங்குள்ள அரச இசைக்குழுவில் 16 ஆண்டுகள் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வாசித்திருக்கிறார். அவ்வளவு திறமை உள்ளவருக்கு அது வீணாய்ப் போன காலம்தானே? அவருடைய இசைவாழ்க்கை எப்படிப் போனது? புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

அது வீணாய்ப் போகவில்லை என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். நீல்சனின் இசையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்கள் பலவற்றை அந்த நாற்காலியிலிருந்துதான் அவர் எடுத்துக்கொண்டார். இசைக்குழுவை வெளியே நின்று பார்த்து எழுதியவர்கள் உண்டு. இவர் அதன் நடுவில், சக ஊழியராக உட்கார்ந்து காது பழகியவர். அதைப் புரிந்துகொள்ள அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

நீல்சன் 1865 ஜூன் 9 அன்று ஃபியூன் தீவில், ஓடென்ஸ நகரத்துக்குத் தெற்கே நோர லிண்டெல்ஸ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழாமவர். அப்பாவுக்குத் தொழில் வீடுகளுக்கு வண்ணம் பூசுவது. ஊரில் அவரை 'பெயின்டர் நீல்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், விருந்து, நடனம் எது நடந்தாலும் வயலினோ கார்னெட் என்ற ஊதுவாத்தியமோ எடுத்துக்கொண்டு வாசிக்கப் போகிறவரும் அவரே. ஆறு வயதில் தட்டம்மை வந்து படுத்திருந்தபோதுதான் பையன் கையில் முதலில் வயலின் கிடைத்தது. அம்மாதான் கொடுத்தார். சீக்கிரமே அப்பாவோடு சேர்ந்து நடனங்களுக்கு வாசிக்கத் தொடங்கிவிட்டான். எட்டு, ஒன்பது வயதில் ஒரு தாலாட்டும் ஒரு போல்காவும் இயற்றியதாகத் தெரிகிறது.

இப்படி வளர்கிற பிள்ளைக்கு இசை என்றால் முதலில் ஒரு வேலை. வாசிப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை ஆடுகிறவர்களின் கால்களே சொல்லிவிடும். தாளம் தளர்ந்தால் ஆட்டம் நின்றுபோகும். பின்னாளில் நீல்சனின் சிம்பொனிகளில் (முழு இசைக்குழுவும் வாசிக்கும், பல பாகங்கள் கொண்ட பெரிய படைப்புகள்) தாளத்துக்கு இருக்கும் அந்த உடல் பலத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிராமத்து நடனக் கூடங்கள்தான் நினைவுக்கு வரும். அதே சமயம் அப்பா பிராகா என்ற உள்ளூர் இசைச் சங்கத்திலும் இருந்தார். அங்கே ஹெய்டன், மோட்சார்ட் இசையையும் வாசித்தார்கள். ஆகவே நாட்டுப்புற மெட்டும் வியன்னா இசையும் அந்தப் பையனுக்கு ஒரே வீட்டுக்குள்தான் அறிமுகமாயின.

படிப்பு முடிந்ததும் ஒரு கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட்டார்கள். கடை நொடித்துப் போனது. 1879-இல், 14 வயதில், ஓடென்ஸவில் இருந்த 16-ஆவது பட்டாளத்தின் வாத்தியக் குழுவில் இடம் கிடைத்தது. ஊதுகொம்பும் ஆல்டோ டிராம்போனும் வாசிக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை 3 குரோனர் 45 ஓரேயும் ஒரு ரொட்டியும் கூலி. ஊருக்கு வரும்போது பழையபடி வயலின் எடுத்துக்கொண்டு நடனங்களுக்குப் போவார். இந்தப் பட்டாளத்துக் கட்டம் முக்கியமானது. பித்தளை வாத்தியத்தை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தவர் அதற்கு எழுதுகிற விதமே தனி. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சுரத்தில் வாத்தியம் கர்ஜிக்கும், எந்தச் சுரத்தில் இருமும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துப் புல்லாங்குழல் கான்செர்ட்டோவில் (கான்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியம் முன்னால் நிற்க, இசைக்குழு துணை வாசிக்கும் படைப்பு) ஒரு பாஸ் டிராம்போனை நடுவில் நுழைத்து அத்தனை நாகரிகத்தையும் கலைத்துவிடுவார். அந்தக் குறும்புக்கு விதை ஓடென்ஸ பட்டாளத்தில் விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1883-இல் கோபன்ஹேகன் போய், டென்மார்க்கின் மூத்த இசையமைப்பாளரான நீல்ஸ் காதேவைப் பார்த்துத் தான் எழுதியதைக் காட்டினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அங்குள்ள இசைக் கல்லூரியில் கட்டணமில்லாத இடம் கிடைத்தது. வால்டெமார் டோஃப்டவிடம் வயலின். ஓர்லா ரோசன்ஹோஃபிடம் இசைக் கோட்பாடு. மாணவராக அவர் பிரமாதமாக ஒளிவிட்டார் என்று சொல்ல முடியாது. 1886 இறுதியில் வெளியே வந்தபோது நல்ல வயலின்காரர், அவ்வளவுதான். ஆனால் ரோசன்ஹோஃபோடு பழக்கம் தொடர்ந்தது. 1888 செப்டம்பரில் டிவோலி பூங்காவின் அரங்கில் தந்தி வாத்தியங்களுக்கான சிறிய சூட் (சிறு பாகங்களின் தொகுப்பு) ஒன்று அரங்கேறியது. ஓப்பஸ் 1, அதாவது முதல் படைப்பு, என்று நீல்சன் எண் கொடுத்தது இதற்குத்தான். இன்றும் உலகம் முழுக்க மாணவர் குழுக்கள் வாசிக்கிற படைப்பு. பதினைந்து நிமிடம்தான், கட்டாயம் கேளுங்கள்.

சரி, இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம்.

1889-இல் அரச இசைக்குழுவின் இரண்டாம் வயலின் வரிசையில் இடம் கிடைத்தது. இந்தக் குழு தன் வரலாற்றை 1448-இலிருந்து எண்ணுகிறது. உலகின் மிகப் பழைய இசைக்குழுக்களில் ஒன்று. அரச நாடக அரங்கில் ஓபராவுக்கும் பாலேவுக்கும் வாசிப்பதுதான் அன்றாட வேலை. தலைமை நடத்துநர் யோஹான் ஸ்வென்சென், நார்வேக்காரர், சிம்பொனிகள் எழுதியவர், அந்தக் காலத்து ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட நடத்துநர்.

இரண்டாம் வயலின்காரருக்கு என்ன வேலை? பெரும்பாலும் மெட்டு முதல் வயலின்களிடம் போய்விடும். இரண்டாம் வரிசைக்கு நடுவில் நிற்கும் சுரங்கள், திரும்பத் திரும்ப வரும் தாள அமைப்புகள், பாடகரின் குரலுக்கு அடியில் விரிக்கிற நடுக்கச் சுரங்கள். கைதட்டல் அவர்களைத் தேடி வராது. ஆனால் காதுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேலே ஓடுகிற மெட்டும் கேட்கும், கீழே பாஸும் கேட்கும், பின்னால் கொம்புகள் எப்போது மூச்சிழுக்கிறார்கள் என்பதும் கேட்கும். ஓர் இசையமைப்பாளர் எங்கே தடித்து எழுதிவிட்டார், எங்கே பாடகரை மூழ்கடித்துவிட்டார் என்பது தினமும் கண்ணெதிரே நடக்கும். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஓத்தெல்லோ, ஃபால்ஸ்டாஃப் ஓபராக்கள் இரண்டும் டென்மார்க்கில் முதன்முதலாக மேடையேறியபோது நீல்சன் அந்தக் குழுவில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதை நெருங்கிய வெர்டி ஃபால்ஸ்டாஃபில் எத்தனை லேசாக, எத்தனை வேகமாக எழுதியிருக்கிறார் என்பதை ஒவ்வொரு சுரமாக விரலால் கற்றுக்கொண்டவர் பிறகு மாஸ்கராதே என்ற நகைச்சுவை ஓபராவை எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்தத் தொடர்பு காதில் விழும்.

அந்த வேலை அவருக்கு எப்போதும் இனித்தது என்று நான் சொல்லவரவில்லை. அலுப்பும் ஆத்திரமும் இருந்தன. எழுத வேண்டிய மாலை நேரங்கள் ஓபரா மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் குழியில் போயின. தன் இசையால் மட்டும் அவரால் குடும்பம் நடத்த முடியவில்லை. 1901-இல் அரசு ஆண்டுக்கு 800 குரோனர் உதவித்தொகை கொடுத்தது. வயலின் சம்பளத்தோடு அதைச் சேர்த்துக்கொண்டு, தனியாக மாணவர்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்து ஓட்டினார். அதே 1865-இல் பிறந்த ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸுக்கு 1897-இலேயே அரசு உதவித்தொகை வந்துவிட்டது. சிபேலியுஸ் எழுதுவதற்கென்றே வாழ முடிந்த காலத்தில் நீல்சன் ராத்திரி நிகழ்ச்சி முடிந்து வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த மறு ஆண்டே 1,800 குரோனர் பயண நிதி ஒன்று கிடைத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார், வாக்னரின் இசையைக் கேட்டார், அங்கிருந்து பாரிஸ் போனார். 1891 மார்ச்சில் பாரிஸில் ஆன் மரீ புரோடெர்சென் என்ற டேனிஷ் சிற்பியைச் சந்தித்தார். மே மாதம் ஃப்ளோரன்ஸில் கல்யாணமே ஆகிவிட்டது. இந்தப் பெண்மணியை 'இசையமைப்பாளரின் மனைவி' என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிடுவது பெரிய அநியாயம். டென்மார்க்கின் முதல் வரிசைச் சிற்பிகளில் ஒருவர் அவர். 1903-இல் அவர் கிரேக்கச் சிற்பங்களைப் படிக்க ஏதென்ஸ் போனபோது கணவர் கூடப் போனார். ஏஜியன் கடல்மேல் சூரியன் எழுந்து, ஏறி, மறைவதை ஹெலியோஸ் என்ற முன்னிசையாக நீல்சன் எழுதியது அங்கேதான்.

1894 மார்ச் 14. முதல் சிம்பொனி அரங்கேற்றம். ஸ்வென்சென் நடத்துகிறார். அந்த சிம்பொனியை எழுதிய ஆள் இரண்டாம் வயலின் வரிசையில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, தான் எழுதியதையே வாசித்துக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் கைதட்டல் ஓயாமல் வர, அங்கிருந்தே எழுந்து நின்று வணங்கினார். நீல்சனின் வாழ்க்கையில் ஒரே ஒரு மாலையை நேரில் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். அந்த சிம்பொனியிலேயே ஒரு துணிச்சல் உண்டு. எந்த ஸ்கேலில் (சுர வரிசையில்) தொடங்கியதோ அதிலேயே வந்து முடிவதுதான் சிம்பொனியின் வழக்கம். இது ஜி மைனரில் தொடங்கி சி மேஜரில் போய் முடிகிறது. கிளம்பின இடத்துக்குத் திரும்பாமல், புதிய இடம் ஒன்றைப் போராடிப் பிடிப்பது என்ற இந்த யோசனையைப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் வளர்த்துக்கொண்டே போனார்.

1902 நவம்பர் 28-இல் சவுலும் தாவீதும் என்ற ஓபரா. டிசம்பர் 1-இல் இரண்டாவது சிம்பொனி. நான்கு நாட்களுக்குள் இரண்டு பெரிய அரங்கேற்றங்கள்! இரண்டாவது சிம்பொனி பிறந்த கதை சுவையானது. ஒரு கிராமத்து மதுக்கடைச் சுவரில் மனிதரின் நான்கு குணங்களைக் காட்டும் வேடிக்கைப் படங்கள் மாட்டியிருந்தன. கோபக்காரன், சோம்பல்காரன், துயரக்காரன், உற்சாகி. நண்பர்களோடு பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவருக்கு அந்தப் படங்கள் மனதை விட்டுப் போகவில்லை. நாலு பாகங்கள், நாலு குணங்கள். உற்சாகிக்குக்கூட ஒரு கணம் தலையில் அடிபட்டதுபோல் தடுமாற்றம் வரும். பிறகு சமாளித்துக்கொண்டு நடப்பான். மனிதர்களை இப்படிக் கவனித்த கண், பின்னால் வாத்தியங்களையும் மனிதர்களாகவே பார்த்தது.

1905-இல் வயலின் நாற்காலியை விட்டார். மறு ஆண்டு நவம்பரில் மாஸ்கராதே. 18-ஆம் நூற்றாண்டின் லுத்விக் ஹோல்பெர் எழுதிய நகைச்சுவை நாடகத்தை இலக்கிய அறிஞர் வில்ஹெல்ம் ஆண்டெர்சென் ஓபராவாக்கிக் கொடுத்தார். அப்பா பார்த்த பெண்ணை வேண்டாம் என்று, முகமூடி நடனத்தில் சந்தித்த பெண்ணிடம் மனதைக் கொடுக்கிறான் மகன். கடைசியில் அந்த இரண்டு பெண்களும் ஒருவரேதான் என்று தெரிகிறது. டென்மார்க்கின் தேசிய ஓபரா என்றே இன்று இதைச் சொல்கிறார்கள். எனக்குக் கடைசி அங்கம் சற்று நீளமாகப் படுகிறது. ஆனால் முதல் அங்கத்தில் ஒரு வீணான நிமிடம் கிடையாது.

1908-இல் ஸ்வென்சென் ஓய்வுபெற, நீல்சன் அரச அரங்கின் நடத்துநர்களில் ஒருவரானார். இந்த ஆறு ஆண்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அரங்க அரசியல் அவரைச் சோர்வாக்கியது, 1914-இல் விலகிவிட்டார். அந்தக் காலத்தின் நல்ல பலன் 1912 பிப்ரவரி 28. ஒரே மாலையில் மூன்றாவது சிம்பொனியும் வயலின் கான்செர்ட்டோவும் அரங்கேறின. கான்செர்ட்டோவை அதற்கு முந்தைய கோடையில், நார்வேயில் எட்வர்ட் கிரீகின் வீட்டில் தங்கி எழுத ஆரம்பித்திருந்தார். கிரீகின் மனைவி நீனா அழைத்திருந்தார். மூன்றாவது சிம்பொனிதான் அவருக்கு முதல் முழு வெற்றி. ஒரே சுரத்தைச் சம்மட்டி மாதிரி மொத்தக் குழுவும் அடித்துக்கொண்டு தொடங்கும். இடைவெளி குறைந்துகொண்டே வந்து சட்டென்று ஒரு பெரிய சுற்று நடனமாக விரியும். இரண்டாம் பாகத்தில் ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் சொற்களே இல்லாமல் பாடும். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் அவரே இதை நடத்தினார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒரே நேரத்தில் இடிந்தது. வேலை போனது. உலகப் போர் தொடங்கியது. வீட்டிலும் புயல். ஆன் மரீ ஒன்பதாம் கிறிஸ்டியான் மன்னரின் குதிரைச் சிலை செய்யும் பெரிய பொறுப்பை ஏற்று, குதிரைகளை மாதிரி பார்க்க நீண்ட நாட்கள் ஜெர்மனியில் தங்கினார். நீல்சனுக்கு வெளியே உறவுகள் இருந்தன. அது மனைவிக்குத் தெரியவந்தது. 1919-இல் சட்டப்படி பிரிந்தார்கள். 1922-இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். தவறு நீல்சனுடையது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

நான்காவது, ஐந்தாவது சிம்பொனிகள் இந்த எட்டு ஆண்டுகளில் வந்தவை. 1916 பிப்ரவரி 1-இல் அரங்கேறிய நான்காவதுக்கு 'அணைக்க முடியாதது' என்று பெயர் வைத்தார். இசை என்பது உயிர், உயிரைப் போலவே அதையும் அணைக்க முடியாது என்று ஸ்கோரின் (எழுதிய இசைக்குறிப்பின்) தொடக்கத்திலேயே எழுதினார். நாலு பாகங்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். கடைசியில் மேடையின் இரு பக்கமும் வைத்த இரண்டு டிம்பனி (பெரிய கிண்ண முரசு) தொகுதிகள் ஒன்றை ஒன்று நோக்கி முழங்கும். ஒலிப்பதிவில் இதன் பாதிதான் கிடைக்கும். வாய்ப்பு வந்தால் அரங்கில் கேளுங்கள்.

ஐந்தாவது சிம்பொனியைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 20-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிம்பொனிகளில் இதற்கு மேல் வைக்க எனக்கு ஒரு கை விரல்களுக்குக்கூடத் தேறாது. 1922 ஜனவரி 24-இல் கோபன்ஹேகனில் நீல்சனே நடத்தி அரங்கேறியது. இரண்டே பாகங்கள். வயோலாக்கள் எதையும் தேடாமல் இரண்டு சுரங்களை அசைத்துக்கொண்டிருக்கும் ஒரு வெறுமையில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஸ்நேர் டிரம் (ராணுவ அணிவகுப்பில் அடிக்கும் சிறு முரசு) ஓர் அணிவகுப்புத் தாளத்தை நுழைக்கும். பிறகு தந்தி வாத்தியங்கள் ஜி மேஜரில் ஒரு விரிந்த, வெதுவெதுப்பான மெட்டைக் கட்டத் தொடங்கும். அது வளர வளர மரக் குழல்கள் அதைக் குத்திக் கிழிக்கப் பார்க்கும். உச்சத்தில் ஸ்நேர் டிரம்காரருக்கு ஸ்கோரில் ஓர் உத்தரவு வருகிறது: உன் சொந்த வேகத்தில், இசைக்குழுவின் ஓட்டத்தை எப்பாடு பட்டாவது நிறுத்தியே தீருவதுபோல் மனம்போன படி அடி. இப்படி ஓர் உத்தரவை ஒரு சிம்பொனிக்குள் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எழுதிக் கட்டிய கட்டடத்தை உடைக்க ஒரு மனிதனுக்கு உள்ளேயே உரிமை கொடுக்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்த ஒரு ஆள் என்ன செய்வார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கடைசியில் மெட்டு வெல்லும். தனியாக ஒரு கிளாரினெட் மட்டும் பாடிக்கொண்டிருக்க, தூரத்தில் டிரம் தேய்ந்து அடங்கும்.

பட்டாளத்தில் வாசித்த பையன் ராணுவ டிரம்மை எப்படிக் கேட்டிருப்பான் என்று யோசியுங்கள். இசைக்குழுவின் நடுவில் 16 ஆண்டுகள் உட்கார்ந்தவருக்குத்தான், ஒரே ஒரு வாத்தியக்காரன் பிடிவாதம் பிடித்தால் எழுபது பேர் என்ன ஆவார்கள் என்பது நிஜமாகத் தெரியும். 1924-இல் ஸ்டாக்ஹோமில் இதை வாசித்தபோது முதல் பாகத்தின் நடுவிலேயே கூட்டத்தில் கணிசமானோர் எழுந்து வெளியேறிவிட்டார்கள்.

இந்த மனிதரேதான் டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிற பாட்டுகளையும் எழுதினார். வெளிநாட்டு ரசிகர்கள் பெரும்பாலும் தவறவிடுகிற பக்கம் இது. ஏறத்தாழ 290 பாடல்கள், தேவாலயப் பாடல்கள். சாலைக்குக் கல் உடைக்கும் ஏழைத் தொழிலாளியைப் பற்றி யெப்ப ஓக்யர் எழுதிய கவிதைக்கு 1907-இல் அவர் போட்ட மெட்டு நாடு முழுக்கப் பரவியது. தோமாஸ் லாவுப் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து, பயிற்சியில்லாத குரலும் ஏறி இறங்கக்கூடிய எளிய மெட்டுகளை வேண்டுமென்றே தேடி எழுதினார். 1922-இல் மக்கள் கல்லூரிகளுக்கான (பெரியவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளிகள்) மெட்டுப் புத்தகத்தின் தொகுப்பாளர்களில் அவரும் ஒருவர். ஸ்நேர் டிரம் சிம்பொனியும் இந்தப் புத்தகமும் ஒரே ஆண்டில்! டேனிஷ்காரர்களில் பலருக்கு நீல்சன் என்றால் முதலில் இந்தப் பாடல்கள்தான். சிம்பொனிகளின் பெயர் தெரியாதவர்கூட இவற்றில் நாலைந்தை மனப்பாடமாகப் பாடுவார்.

அப்புறம் குழல்கள். 1921-இல் ஒருநாள் நண்பர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது, மறுமுனையில் கோபன்ஹேகன் காற்றுவாத்திய ஐவர் குழு மோட்சார்ட் ஒத்திகை பார்ப்பது காதில் விழுந்தது. கிளம்பிப் போய்க் கேட்டார். அதிலிருந்து 1922-இல் காற்றுவாத்திய ஐவரிசை வந்தது. அந்த ஐந்து பேரின் குணத்தையும் மனதில் வைத்தே எழுதினார். கடைசிப் பாகத்தில் தன்னுடைய தேவாலய மெட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வளர்க்கிறார். கையோடு ஐவருக்கும் ஆளுக்கொரு கான்செர்ட்டோ எழுதுவது என்று முடிவு செய்தார். இரண்டுதான் முடிந்தன. ஓபோ, கொம்பு, பஸ்ஸூன் மூன்றுக்கும் அவர் எழுதாமல் போனது அந்த வாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

புல்லாங்குழல் கான்செர்ட்டோ 1926 அக்டோபரில் பாரிஸில் அரங்கேறியது. ஹோல்கெர் கில்பெர்ட்-யெஸ்பெர்சென் வாசிக்க, நீல்சனின் மருமகனும் ஹங்கேரிய வயலின் கலைஞருமான எமில் டெல்மான்யி நடத்தினார். கூட்டத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இருந்தார். கிளாரினெட் கான்செர்ட்டோ 1928-இல் வந்தது. ஓகே ஓக்ஸன்வாத் என்ற முன்கோபியான கிளாரினெட்காரருக்கு எழுதியது. அவருடைய கோபமும் கனிவும் அப்படியே உள்ளே இருக்கின்றன. துணைக்குத் தந்தி வாத்தியங்கள், இரண்டு பஸ்ஸூன், இரண்டு கொம்பு, சண்டைக்கு மறுபடி ஒரு ஸ்நேர் டிரம். கிளாரினெட்டுக்கு மோட்சார்ட்டுக்குப் பிறகு எழுதப்பட்ட மிகச் சிறந்த கான்செர்ட்டோ இது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

1925-இல் 60-ஆம் பிறந்தநாளை நாடே கொண்டாடியது. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் பத்திரிகை ஒன்றிடம் அவர் சொன்னது கசப்பானது. மறுபடி வாழ முடிந்தால் கலை என்ற எண்ணத்தையே தலையிலிருந்து விரட்டிவிட்டு, வியாபாரியிடம் வேலை கற்கப் போவேன், கண்ணுக்குப் பலன் தெரிகிற தொழில் ஏதாவது செய்வேன் என்ற பொருளில் பேசினார். அறுபது வயதில், இதய நோயோடு, பொருளாதார நிம்மதி இன்னும் வராத நிலையில் சொன்ன வார்த்தைகள். டிசம்பரில் அரங்கேறிய ஆறாவது சிம்பொனிக்கு 'எளிய சிம்பொனி' என்று பெயர். உள்ளே எதுவும் எளிதாக இல்லை.

1927-இல் ஃபியூன் தீவின் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்ந்து அவர் எழுதிய நூல் வந்தது. அது டேனிஷ் உரைநடையிலும் மதிக்கப்படுகிற புத்தகம். 1931-இல், தான் கட்டணமின்றிப் படித்த அதே இசைக் கல்லூரிக்கு இயக்குநரானார். அந்த ஆண்டே அக்டோபர் 3-இல் இறந்தார். இறுதிச் சடங்கில் ஒலித்த இசை எல்லாமே அவருடையது, தேவாலயப் பாடல்கள் உட்பட. கோபன்ஹேகனில் 1939-இல் திறந்த அவருடைய நினைவுச் சின்னத்தைச் செய்தவர் ஆன் மரீ. சிறகில்லாத குதிரைமேல் உட்கார்ந்து குழல் ஊதும் ஓர் இளைஞன்.

வெளியுலகம் அவரை ஏன் தாமதமாகக் கண்டுகொண்டது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. வாழ்ந்த காலத்தில் அவர் பெரும்பாலும் கோபன்ஹேகனில் சம்பள வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தார். நல்ல ஒலிப்பதிவுகள் அவர் இறந்து வெகுகாலம் கழித்தே வந்தன. வடக்கு நாடுகளின் சிம்பொனி என்றால் சிபேலியுஸ் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்குள் பதிந்துவிட்டது. 1950 எடின்பரோ விழாவில் நடத்துநர் எரிக் டுக்சென் டேனிஷ் வானொலி இசைக்குழுவோடு ஐந்தாவதை வாசித்தபோதுதான் பிரிட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆங்கில இசையமைப்பாளர் ராபர்ட் சிம்ப்ஸன் 1952-இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூல் எழுதினார். அப்புறம் அமெரிக்க நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் 1960-களில் ஐந்தாவதை நியூயார்க்கிலும், மூன்றாவதை நீல்சன் வாசித்த அதே அரச இசைக்குழுவோடு கோபன்ஹேகனிலும் பதிவு செய்தார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. சொந்த நாட்டில் 100 குரோனர் நோட்டில் பல ஆண்டுகள் அவர் முகம் இருந்தது. ஓடென்ஸவில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் சர்வதேசப் போட்டியும் உண்டு.

எங்கே தொடங்கலாம்? முதலில் மாஸ்கராதே ஓபராவின் முன்னிசை. ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அடுத்து காற்றுவாத்திய ஐவரிசை. ஐந்து குரல்கள்தான் என்பதால் யார் என்ன சொல்கிறார்கள் என்று காது சுலபமாகப் பிரித்துக்கொள்ளும். பிறகு மூன்றாவது சிம்பொனிக்குப் போங்கள். பெர்ன்ஸ்டைன் பதிவில் கேட்டால் அந்தத் தொடக்கச் சம்மட்டி அடிகள் நெஞ்சில் இறங்கும். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஹெர்பெர்ட் ப்லூம்ஸ்டெட் சான் ஃபிரான்சிஸ்கோ குழுவோடு செய்த பதிவுகளை நான் நம்பிப் பரிந்துரைப்பேன். புதிய ஒலிப்பதிவு வேண்டுமென்றால் ஃபாபியோ லூயிசி டேனிஷ் தேசிய சிம்பொனி இசைக்குழுவோடு ஆறையும் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாவதை முதல்முறை கேட்கும்போது வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், முப்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். கிளாரினெட் கான்செர்ட்டோ அதற்குப் பிறகு. ஆறாவது சிம்பொனியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஐந்தும் பழகிய காதுக்குத்தான், அதில் அவர் தன்னுடைய எந்தெந்தப் பழக்கங்களைப் பிரித்துப் போடுகிறார் என்பது பிடிபடும்.